நீல வில்லை

பல்கலைக்கழக மகளிர் விடுதி
11.12.2024

கலைக்கு,

அன்றைக்கு நான் சொல்லாததை முதலில் எழுதிவிடுகிறேன். நீல பாட்டிலில் இருந்தது மருந்து இல்லை, தண்ணீர். வெள்ளையாகத் தெரிவதற்காக அதில் சோளமாவு கரைத்திருந்தேன்.

போன வியாழக்கிழமை உன் வீட்டு வாசலில், ஆய்வுக்கு ஆடு விட்ட பதினோரு வீட்டுக்காரர்களும் நிற்க, நீ கேட்டாய்: “அந்த நீல பாட்டில்ல இன்னாக்கா இருந்திச்சி?” ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. நான், “ஆய்வு முடிஞ்சப்புறம்தான் சொல்லணும், அதுதான் விதி” என்றேன். அய்யனார் மாமா, “விதியாம்ல! செத்துப்போன எங்க ஆட்டு விதியையும் சொல்லிட்டுப் போம்மா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. நான் தராசை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டேன். மலை இறங்குகிற வரைக்கும் ‘தண்ணீர், தண்ணீர்’ என்று எனக்குள் சொல்லிப்பார்த்துக்கொண்டே வந்தேன். கச்சிராயபாளையம் வந்ததும் அதையும் நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்டில் உன்னிடம் சொன்னது இவ்வளவுதான்: நாற்பது வெள்ளாடு. இருபதின் காதில் மஞ்சள் வில்லை, இருபதின் காதில் நீல வில்லை. மஞ்சளுக்கு மஞ்சள் பாட்டில், நீலத்துக்கு நீல பாட்டில். மூன்று வாரத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து. எடையையும் கண் இமையின் உள்நிறத்தையும் நீ நோட்டில் எழுத வேண்டும். சொல்லாதது இது: மழைக்காலத்தில் மருந்து கொடுப்பதால் எவ்வளவு நன்மை என்று தெரிய வேண்டுமானால், கொடுக்காத ஆடுகளும் பக்கத்திலேயே மேய வேண்டும். எவற்றுக்குக் கொடுக்கவில்லை என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்தால் அவற்றைத் தனியாகக் கவனிப்பார்கள், ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. எல்லா இடத்திலும் இப்படித்தான் செய்கிறார்கள். பாடமாகப் படித்தபோது எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. தாளில் ‘இருபது ஆடுகள்’ என்றுதான் எழுதினேன். அந்த இருபதில் ஒன்று உன் மாமியாரின் கறுப்பி.

கார்த்திகை மழையில் மூன்று நீல வில்லை ஆடுகள் செத்தன. மஞ்சளில் இரண்டு செத்தது ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நீலம் மூன்றுக்கும் நான்தான் காரணம். புழு ரத்தத்தைக் குடித்து இமை வெளுத்துவிட்ட ஆட்டுக்கு உடனே மருந்து கொடுத்து ஆய்விலிருந்து நீக்கிவிட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அதைப் பார்க்க நான் மாதம் ஒருமுறை வந்திருக்க வேண்டும். வந்தது மொத்தம் இரண்டு முறை.

இந்தக் கால்நடை மருத்துவ மேற்படிப்பு இரண்டு வருடம்தான், எனக்கு மூன்றாவது வருடம் நடக்கிறது. அப்பாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனபோது களமருதூரில் ஒரு நடவையும் ஒரு அறுவடையையும் நான்தான் நின்று பார்த்தேன். அதில் ஒரு பருவம் போயிற்று. மார்ச் 31க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவு முடிந்துவிடும். இன்னொரு நீட்டிப்பு கிடையாது. களைப்பாக இருக்கிறது என்று எழுதினால் உனக்குக் கோபம் வரும். உண்மை அதுதான்.

இவ்வளவும் எழுதிவிட்டு இதைக் கேட்பது கேவலமாக இருக்கிறது. நோட்டு உன்னிடம் இருக்கிறது. அது இல்லாமல் என்னால் எழுத முடியாது. அனுப்புவாயா?

தேவிப்ரியா


வெள்ளிமலை வழி
20.12.2024

டாக்டரம்மாவுக்குக் கலையரசி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. நீங்கள் ஸ்டாம்பு ஒட்டிக் கொடுத்த கவர்களில் ஐந்து மிச்சம் இருப்பதால் பதில் எழுதுகிறேன். போன் எடுக்காதது வேண்டுமென்றேதான். எங்கள் ஊரில் டவர் இல்லை. ரேஷன் வாங்க வெள்ளிமலைக்கு வருகிற அன்றுதான் போன் வேலை செய்யும். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நீங்கள் அழுவதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

நீல பாட்டிலில் இருந்தது தண்ணீர் என்று எனக்கு ஐந்தாவது வாரமே தெரியும். சோளமாவு என்றுதான் தெரியாது. அரிசிமாவு என்று நினைத்தேன்.

இரண்டு பாட்டிலையும் அடுப்படி மூலையில் வைத்திருந்தேன். ஒரு நாள் மத்தியானம் நீல பாட்டிலின் மூடி டப்பென்று தெறித்தது. அத்தை வெளியிலிருந்து, “இன்னாடி, வூட்டுக்குள்ள சோடாக் கட வச்சிக்கினியா?” என்றார்கள். எடுத்துப் பார்த்தால் நுரை. மோந்து பார்த்தால் மூன்று நாள் கூழ் வாசனை. விரலில் தொட்டு நக்கினேன், புளிப்பு. மஞ்சளையும் நக்கினேன். அரை நாள் நாக்கு கசந்தது. மருந்து புளிக்குமா டாக்டரம்மா? பன்னிரண்டாவது படித்தவள் என்று நோட்டு எழுத என்னை வைத்தீர்கள். கூழ் குடிப்பவள் என்பதை மறந்துவிட்டீர்கள்.

தெரிந்தவள் ஏன் எல்லார் முன்னாலும் கேட்டேன் என்று நினைப்பீர்கள். உங்கள் வாயால் வரட்டும் என்றுதான். வந்திருந்தால் நானும் ஒன்று சொல்லியிருப்பேன். நீங்கள் தராசைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

இப்போது ஊரில் என் நிலைமை சொல்கிறேன். “காதுல தொள போட்டா ஒண்ணும் ஆவாது, நான் பொறுப்பு” என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் நான். நீங்கள் கீழே போய்விட்டீர்கள், நான் இங்கேதான் தண்ணீர் பிடிக்க வேண்டும். நீலத்தில் தண்ணீர் என்று நீங்கள் எழுதியதை ஊரில் சொல்லிவிட்டேன். அய்யனார் மாமா குழாயடியிலேயே, “ஒருத்தன் எலையில சோறு, ஒருத்தன் எலையில மண்ணு. பந்தி வஞ்சன பண்றதுக்கு நம்ம வூட்டு மருமகதான் கெடச்சாளா?” என்றார். ராஜாம்பாள் அக்கா ஒருத்திதான் என்னோடு முன்போலவே பேசுகிறார். புருஷன் இல்லாதவர், எட்டு ஆட்டை வைத்துப் பிழைப்பவர். செத்த இரண்டு மஞ்சள் வில்லையும் அவருடையதுதான். மருந்து கிடைத்த பக்கம் அல்லவா, அதனால் அவருக்கு யார்மேலும் கோபம் இல்லை.

நோட்டைத் தரமாட்டேன்.

கலையரசி


பல்கலைக்கழக மகளிர் விடுதி
2.1.2025

கலைக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். சோடாக் கடை என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். சோளமாவு புளிக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஆய்வகத்தில் எல்லாமே குளிர்பெட்டியில் இருப்பவை. நான் சமைத்தே மூன்று வருடம் ஆகிறது.

நோட்டை நீ தராதது நியாயம். இது வேறு விஷயம்.

பஸ்ஸில் நீ அனுப்பிய புழுக்கைப் பொட்டலங்களில் புழு முட்டைகளை எண்ணி முடித்துவிட்டேன். ஒரு நாளைக்கு எட்டுப் பொட்டலம், நுண்ணோக்கியில் கழுத்தைக் குனிந்தபடி. முதல் ஆறு வாரம் எதிர்பார்த்தபடியே இருக்கிறது: மஞ்சளில் முட்டை குறைகிறது, நீலத்தில் கூடுகிறது. அதன்பிறகு மஞ்சளில் கூட ஆரம்பிக்கிறது. நீலத்தில் கூடுவது கொஞ்சம் நிற்கிறது. பன்னிரண்டாவது வாரத்தில் இரண்டு கோடும் ஒன்றாகிவிடுகின்றன. பொட்டலத்தில் நிறம் எழுதியிருக்காவிட்டால் எது எது என்று எனக்கே தெரியாது.

அந்த வரைபடத்தை என் வழிகாட்டிப் பேராசிரியர் அரங்கநாதன் சாரிடம் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “புழு இந்த மருந்துக்குப் பழகிடுச்சும்மா. மருந்து கேக்கல. மலையில இருந்து மொத ரிப்போர்ட் நம்மளுதுதான். நெனச்சது வரலன்னு மூஞ்சத் தூக்கி வச்சிக்காத, வந்தத எழுது” என்றார். கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். மூன்று வருடத்தில் முதல் டீ. அவர் ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருடம். இதைப் போல ஒன்று அவருக்கும் வேண்டியிருக்கிறது.

மருந்துக்குப் புழு பழக வருடங்கள் ஆகும். ஆறு வாரம் கேட்ட மருந்து ஏழாவது வாரம் கேட்காமல் போகாது. இது அவருக்கும் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டீ நன்றாக இருந்தது.

ஐந்தாவது வாரமே தெரியும் என்று எழுதியிருந்தாய். ஆறாவது வாரம் மருந்து கொடுக்கும் முறை. கலை, அன்றைக்கு என்ன செய்தாய்?

தேவிப்ரியா


வெள்ளிமலை வழி
15.1.2025

டாக்டரம்மாவுக்கு,

பொங்கலுக்கு வீட்டுக்காரர் குடகிலிருந்து வந்திருக்கிறார். காப்பித் தோட்டத்தில் இந்த வருடம் பழம் ஜாஸ்தியாம், நாளைக்கே திரும்புகிறார். வீட்டில் ஆள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். தனியாக இருந்தால் எழுதமாட்டேன்.

மூடி தெறித்த அன்று சாயங்காலம் அத்தையிடம் சொன்னேன். “அத்த, நம்ம கறுப்பிக்கு வெறுந்தண்ணி.” ஊரைக் கூட்டி உங்கள் மானத்தை வாங்குவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் வெற்றிலையை மென்று முடித்தார்கள்.

“மீதிப் பத்தொம்பது யார் யார் வூட்து?”

சொன்னேன்.

“மருந்து எத்தினி ஆட்டுக்கு இருக்குது?”

“இருவதுக்கு.”

“நாப்பதுக்கு ஆக்கு.”

“எப்பிடி அத்த?”

“கூழு பத்தலன்னா இன்னா பண்ணுவ? பாதிப் பேர எழுப்பி அனுப்பிடுவியா? தண்ணி ஊத்திக் கரைடி.”

அப்படித்தான் செய்தேன். குண்டானைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். கொதித்து ஆறிய தண்ணீர்தான் சேர்த்தேன். மஞ்சள் பாட்டிலில் இருந்த மருந்துக்குச் சரிக்குச் சரி அளந்து, கலக்கி, இரண்டு பாட்டிலிலும் நிரப்பினேன். ஆறாவது, ஒன்பதாவது, பன்னிரண்டாவது வாரம், மூன்று முறையும் நாற்பது ஆட்டுக்கும் அதையே கொடுத்தேன். நோட்டில் மட்டும் மஞ்சள், நீலம் என்று பழையபடி எழுதினேன். உங்களிடம் சொன்னால் ஆய்வை நிறுத்திவிடுவீர்கள், வருகிற மருந்தும் வராது. ஊரில் சொன்னால் மஞ்சள் வில்லைக்காரர்களும் நீல வில்லைக்காரர்களும் அடித்துக்கொள்வார்கள். இங்கே கிடா வெட்டினாலும் பலாப்பழம் அறுத்தாலும் வீட்டுக்கு ஒரு கூறு, எல்லாக் கூறும் சமம். ஒரு கூறு சின்னதாக இருந்தால் போட்டவளைப் பத்து வருடம் பேசுவார்கள்.

நான் செய்தது உங்கள் படிப்புக்குத் தப்பு என்று தெரிகிறது. ஆடுகளுக்குத் தப்பு என்று நினைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பாதியாவது கிடைத்தது. வெறும் தண்ணீருக்கு அது மேல்தானே அக்கா?

ஒன்று மட்டும் கேட்கிறேன், மறைக்காமல் எழுதுங்கள். நீலம் செத்தது, முதலில் வெறும் தண்ணீர் குடித்ததால் என்று வைத்துக்கொள்கிறேன். ராஜாம்பாள் அக்காவின் மஞ்சள் வில்லை இரண்டும் ஏன் செத்தன?

கலையரசி


களமருதூர்
29.1.2025

கலைக்கு,

அறுவடைக்காக வீட்டுக்கு வந்தேன். மெஷின் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ஐந்து நாளாகக் காத்திருக்கிறோம். அப்பா வரப்பிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். “எப்ப முடியுது உன் படிப்பு?” என்று கேட்கிறார். நெல்லைப் பற்றிக் கேட்பது போலவே கேட்கிறார்.

நீ கேட்டதற்கு: இந்த வருடம் மழை அதிகம். ஈரத்தில் புழு கூடும், குளிரும் சேர்ந்துகொள்ளும். ஆடு சாவதற்குப் பல காரணம் இருக்கிறது. நீ அதையே நினைத்துக்கொண்டிருக்காதே.

சாரிடம் உன் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. மூன்று அத்தியாயம் எழுதி முடித்துவிட்டேன். ‘மருந்து கேட்கவில்லை’ என்றே எழுதியிருக்கிறேன்.

தேவிப்ரியா


வெள்ளிமலை வழி
12.2.2025

அக்காவுக்கு,

மழை மஞ்சள் வில்லை, நீல வில்லை பார்த்தா பெய்தது? எத்தனை முறை படித்தும் உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. போன வாரம் வெள்ளிமலை மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாட்டு டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார், மருந்து கொடுக்கிறவர் இருந்தார். யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன்.

“வெள்ளாட்டுக்குப் புழு மருந்து பாதி அளவு குடுத்தா இன்னா சார் ஆவும்?”

“வூட்ல மூட்டப்பூச்சிக்குப் பாதி மருந்து அடிச்சிட்டு நிம்மதியாத் தூங்குவியா?” என்று சிரித்தார்.

“ஒண்ணுமே குடுக்காததுக்குப் பாதி மேலில்லியா சார்?”

“குடுக்காத ஆட்ட கண்ணு வெளுத்த ஒடனே தூக்கிக்கினு ஓடியாருவாங்க. பாதி குடுத்துட்டு, ‘மருந்துதான் குடுத்துட்டமே’ன்னு வூட்லயே வச்சிக்கினு இருப்பாங்க. வெள்ளாட்டுக்கு மருந்து ஒடம்புல நிக்காதும்மா. அளவு ஒரு சொட்டு கொறையக் கூடாது.”

ஆஸ்பத்திரி வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ராஜாம்பாள் அக்கா அதைத்தான் செய்தார். ஐப்பசியில் அவருடைய ஆடு ஒன்றுக்குத் தாடை வீங்கியது. வெள்ளிமலைக்குத் தூக்கிப்போகட்டுமா என்று என்னைத்தான் கேட்டார். நான்தான், “மருந்து குடுத்திருக்குதுக்கா, தேறிடும்” என்றேன். தேறவில்லை. அதற்கடுத்து சினையாய் இருந்த இன்னொன்று. முழு மருந்து குடித்துக்கொண்டிருந்த ஆடுகள் அவை. அந்த இரண்டும் என் குண்டானில் போனவை.

உங்களுக்கு இது தெரியும். நான் எழுதிய நாளே தெரிந்திருக்கும். எனக்கு வலிக்கும் என்று மழை, குளிர் என்று எழுதினீர்கள். அன்றைக்கு ஜீப்பில் ஏறியதும் இப்படித்தான், யாருக்கும் வலிக்கக் கூடாது என்றா? திட்டுவதற்காக எழுதவில்லை. எனக்கும் இப்போது அதேதான். தினமும் ராஜாம்பாள் அக்காவோடு தண்ணீருக்குப் போகிறேன். “இன்னாடி உம்முன்னு வர?” என்கிறார். பல்வலி என்கிறேன்.

நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். எடை சரி, கண் நிறம் சரி, மருந்து என்ற பத்தி மட்டும் ஆறாவது வாரத்திலிருந்து பொய். கடைசிப் பக்கத்தில் கலக்கியதை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அத்தை பெயர் எழுதவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு நோட்டைக் கொடுத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. உங்களுக்கு மார்ச் 31 என்பது எனக்கு நினைவிருக்கிறது.

கலையரசி


பல்கலைக்கழக மகளிர் விடுதி
9.3.2025

கலைக்கு,

நோட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே செய்தேன் என்று எழுத ஆசைதான். பதினாறு நாள் அது என் மேசையில் இருந்தது. கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல் முன்பக்கங்களை மட்டும் கணினியில் ஏற்றினேன். ஐந்தாவது அத்தியாயம்வரை எழுதினேன். நன்றாகவே வந்தது.

போன புதன்கிழமை சார் கூப்பிட்டு, “நம்ம முடிவ மேல சொல்லிட்டேன்மா. அடுத்த குடற்புழு முகாமுக்கு மலைக்கு இந்த மருந்து வேண்டாம், வேற அனுப்புங்கன்னு பரிந்துரை எழுதியாச்சு” என்றார். அந்த வேறு மருந்து எது என்று கேட்டேன். சொன்னார். அது இளஞ்சினை ஆடுகளுக்கு ஆகாது. குட்டி ஊனமாகப் பிறக்கும். உங்கள் ஊரில் எந்த ஆடு எத்தனை மாதச் சினை என்று பார்த்தா முகாமில் வரிசையாக மருந்து ஊற்றுவார்கள்?

அறைக்குத் திரும்பி நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். சார் டப்பாவிலிருந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உன் பக்கத்தை முன்னால் வைத்தேன். இடது கையால் பிடித்துப் படித்தார்.

“இத யாரு எழுதச் சொன்னது?”

“யாரும் சொல்லல சார். அவங்களா எழுதினாங்க.”

“கிராமத்துப் பொண்ணு எழுதிக் குடுத்த ஒரு பக்கம். இத வச்சி மூணு வருஷத்தத் தூக்கிப் போடுவியா?”

“முட்டை எண்ணிக்கையும் அதத்தான் சார் சொல்லுது. ஆறாவது வாரத்துல இருந்து.”

அவர் சாப்பாட்டை மூடி வைத்தார். “நீ காட்டாம இருந்திருந்தா எனக்குத் தெரியாது. இப்ப எனக்கும் தெரியும். ஏம்மா இப்பிடிப் பண்ண?” கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். களைத்துப்போய்க் கேட்டார்.

உன் பக்கத்தோடு என்னுடைய தாள் ஒன்றையும் வைத்தேன். ஆடு வைத்திருந்த பதினோரு வீட்டிலும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினோமே, அந்த ஒப்புதல் படிவம். ஆங்கிலத்தில் ‘மருந்து பெறும் குழு, பெறாத குழு’ என்று இருந்தது. தமிழில் எழுதியவள் நான். ‘இரண்டு வகை மருந்துகள் கொடுக்கப்படும்’ என்று எழுதினேன். ‘பெறாத’ என்று எழுதினால் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். சாருக்குத் தமிழ்ப் படிவத்தைப் படிக்க நேரமில்லை. நீ தண்ணீர் கலப்பதற்கு ஆறு வாரம் முன்னாலேயே நான் கலந்துவிட்டேன். இதை டிசம்பரில் உனக்கு எழுதிய கடிதத்திலும் சொல்லவில்லை. விதி, எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றெல்லாம் எழுதினேன். விதியில் மறைக்கச் சொல்லியிருப்பது எந்த ஆட்டுக்கு எது என்பதை மட்டும்தான். சில ஆடுகளுக்கு மருந்தே கிடையாது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.

சார் இரண்டு தாளையும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பிவிட்டார். பரிந்துரையையும் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். ஆறு வாரத் தரவை வைத்து ஆய்வேடு எழுத முடியாது.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: ராஜாம்பாள் அக்காவின் ஆடுகள் மருந்து பாதியானதால் செத்தன. பாதியாக்கியது நீ. அப்படிச் செய்யும்படி உன்னை விட்டது நான். அவரிடம் சொல்ல நானும் வருகிறேன். சனிக்கிழமை வரட்டுமா?

தேவிப்ரியா


வெள்ளிமலை வழி
21.3.2025

அக்காவுக்கு,

நீங்கள் வர வேண்டாம். ராஜாம்பாள் அக்காவிடம் நானே சொல்லிவிட்டேன். உங்கள் கடிதம் எனக்குக் கிடைத்ததே அந்தச் சனிக்கிழமைதான். நீங்கள் வந்து நின்றால் உங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன் என்று தோன்றியது. அதனால் கவரைக் கையில் வைத்துக்கொண்டே போனேன்.

ராஜாம்பாள் அக்கா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். முழுக்கச் சொன்னேன். முறம் நிற்கவில்லை.

“அந்தக் காலேஜுப் பொண்ணு பண்ணது இல்லியா?”

“அவங்க தண்ணி குடுத்தது நீல வில்லைக்கிக்கா. ஒன் மருந்துல தண்ணி ஊத்துனது நான்.”

“எதுக்குடி?”

“எல்லாத்துக்கும் சமமா...”

அப்போதுதான் முறத்தைக் கீழே வைத்தார். “எம்பங்க எடுத்து நாலு பேருக்குக் குடுத்திருக்குற. நல்லதுதான். எங்கிட்ட வந்து, ‘அக்கா, அவங்களுக்கு இல்ல, ஒன்னுதுல பாதி தரியா’ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே எடுத்துக்கோன்னு சொல்லியிருப்பேன். கேட்டியா? அந்தப் பொண்ணு கீழ இருந்து வந்தவ, அதுக்குத் தெரியாது. நீ இன்னாடி, இந்த ஊருதானே?”

அவர் அழுதிருந்தால் நானும் உட்கார்ந்து அழுதிருப்பேன். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றேன். உள்ளே புடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்கப்புறம் தண்ணீருக்கு அவர் காலையில் போகிறார், நான் சாயங்காலம் போகிறேன்.

அத்தை, “கரைக்கச் சொன்னது நான்தான்னு அவகிட்ட சொன்னியா?” என்று கேட்டார்கள். சொல்லவில்லை என்றேன். அடுத்த நாள் அவர்களே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். வந்து வெற்றிலை போட்டார்கள்.

உங்களுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. ஏதாவது வழி இருந்தால் எழுதுங்கள்.

கலையரசி


ரிஷிவந்தியம்
2.7.2025

கலைக்கு,

மூன்று மாதம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் எதுவும் இல்லை. எழுத உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது.

ஆடி முகாமுக்கு வெள்ளிமலைக்குப் பழைய மருந்தேதான் வருகிறது என்று அரங்கநாதன் சார் போனில் சொன்னார். உன் ஆடுகளைக் கொண்டுபோ. எடை போட்டு முழு அளவு கொடுக்கச் சொல்லிக் கேள். ராஜாம்பாள் அக்காவுக்கு முகாம் தேதியை யார் மூலமாவது சொல்லிவிடு.

ஏப்ரலிலிருந்து இங்கே பால் சங்கத்தில் மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். அப்பாவிடம் சொன்னபோது, “சரி” என்றார்.

பத்து நாளில் வழி எதுவும் வரவில்லை. நெறிமுறைக் குழு ஆய்வை ரத்து செய்தது. நான் ஆய்வேடு கொடுக்கவில்லை. மார்ச் 31 மாலை ஐந்து மணியோடு என் பதிவு முடிந்தது.

தேவிப்ரியா